போனிடம் கேட்டது

மழை பிடித்துக்கொண்டால் மெத்தைக்காரனின் பட்டறையில் முதலில் மக்கர் செய்வது பசைதான். ஸ்பான்ஜில் தடவினால் வெயில் நாளில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிடித்துக்கொள்ளும். மழை நாளிலோ மத்தியானம் வரைக்கும் காயாமல் விரலோடு நூல் நூலாக வரும். அவசரப்பட்டு ரெக்ஸினை இழுத்து ஒட்டினால் மறுநாள் குமிழ் குமிழாக எழும்பி நிற்கும். அந்த வருஷம் மழை விடுகிற பாடாக இல்லை. பட்டறை நிறையச் சினிமா தியேட்டர் சீட்டுகள் கிழிந்த வயிற்றோடு அடுக்கிக் கிடந்தன. தியேட்டர் மேனேஜர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"படத்தை நின்னுகிட்டே பாக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

"நல்ல படமாப் போட்டா நின்னுகிட்டே பாப்பாங்க சார்," என்றான் மெத்தைக்காரன்.

பட்டறை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரே ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்பான்ஜ் தூளும் பசை நாற்றமும். அந்தப் பக்கம் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. முதல் அறையில் ஜன்னலோரமாக மெத்தைக்காரனின் அப்பா படுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். தெருவில் இன்னும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு சரிந்து விழுந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் பழைய பலத்தோடு மிச்சம் இருந்தது. கோபம் வந்தால் அந்தக் கைதான் பேசும்.

அவரைப் பார்த்துக்கொண்டது மருமகள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தையல் தெரிந்தவள், தெருவுக்கு டெய்லரக்கா. பட்டறையில் ரெக்ஸின் தைக்கிற பெரிய மிஷினும் அவள் பொறுப்புதான். விடிந்ததும் மாமனாரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு மிஷினுக்கு வருவாள். ஒரு சீட்டு உறை முடிவதற்குள் உள்ளேயிருந்து கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கும். ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்திவிட்டு எழுந்து போவாள். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடுவாள். தையலில் அந்த நிறுத்தம் தெரியாது. அவ்வளவு நேர்த்தி.

அப்பாவுக்கென்று மெத்தைக்காரன் ஒரு மெத்தை செய்து கொடுத்திருந்தான். ஒரே துண்டாக இல்லாமல் தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனியாக. நனைந்த துண்டை மட்டும் உருவி எடுத்துவிட்டு மாற்றுத் துண்டைச் சொருகலாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அதைச் செய்து கொடுத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டானோ என்னவோ, அதற்கப்புறம் காலையில் ஒருதரம் "அப்பா, எப்படி இருக்கீங்க" என்று எட்டிப் பார்ப்பதோடு சரி. கெட்ட மகன் என்று சொல்லிவிட முடியாது. அறைக்குள் வந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். அவள் செய்துகொண்டிருப்பாள். போய்விடுவான்.

லேப்டாப் வந்தது தொழிலுக்காக. வருகிறவர்கள் எல்லாம் "மாடல் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பழசாக ஒன்று வாங்கினார்கள். மெத்தைக்காரனிடம் இருந்தது பட்டன் போன், பேசத்தான் உதவும். அதனால் லேப்டாப் விற்ற ஆள் டெய்லரக்காவின் போனில் இருந்த கணக்கையே இதிலும் போட்டுக் கொடுத்தான்.

"இனிமே ரெண்டும் ஒண்ணுக்கா," என்றான். "நீங்க போன்ல எதைத் தேடினாலும் இதுலயும் வந்து நிக்கும். இதுல பாத்தா போன்ல நிக்கும். உள்ள உக்காந்து நீங்க பாதி பாத்ததை அண்ணன் இங்க மீதி பாத்துக்கலாம்."

நல்ல வசதியாகத்தான் இருந்தது. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தபடி அவள் மாடல் தேடுவாள். கை ஈரமாக இருந்தால் போனிடம் வாயால் சொல்வாள், அது எழுதிக்கொள்ளும். "கைப்பிடி வெச்ச நாற்காலி, முதுகு உயரமா" என்று அவள் உள்ளே சொன்னது சற்று நேரத்தில் முன்னால் லேப்டாப்பில் இருக்கும். இரண்டும் ஒன்று என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததை யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மேனேஜர் கலர் பார்க்க வந்திருந்தார். "சிவப்புல ரெண்டு மூணு எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க" என்று உள்ளேயிருந்து டெய்லரக்கா குரல் கொடுத்தாள். மெத்தைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். போனில் பார்த்தவை வரிசையாக வந்தன. சாயம் போகாத சிவப்பு ரெக்ஸின். அதற்குக் கீழே: படுத்த படுக்கையா இருக்கறவங்க இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்க. அதற்குக் கீழே: தூக்க மாத்திரை ரெண்டாவது தடவை குடுத்தா என்ன ஆகும்.

மேனேஜர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மெத்தைக்காரன் மூடியை இறக்கினான்.

"என்னப்பா, மாடலைக் காணோமா?"

"நெட்டு வரல சார். சாயந்திரம் வாங்களேன்."

மேனேஜர் குடையை விரித்துக்கொண்டு போனார். மெத்தைக்காரன் மறுபடி திறந்து பார்த்தான். அந்த இரண்டு வரியும் அங்கேயேதான் இருந்தன. உள்ளே அவள் மாமனாரிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "வாயை நல்லாத் தொறங்க மாமா. பஸ் போற அளவுக்குத் தொறக்க வேணாம், ஸ்பூன் போனாப் போதும்." எப்போதும் போலத்தான் பேசினாள். எப்போதும் போல இருந்ததுதான் அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டு, அவள் "ஆமா" என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? வெட்ட வேண்டிய ஸ்பான்ஜை அன்று தப்பான அளவில் வெட்டினான்.

மறுநாள் முதல் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரமெல்லாம் கதவில் வந்து நின்றான். அவள் கண்ணில் அது படாமல் இருக்குமா?

"என்ன அதிசயமா இருக்கு. கஞ்சி நேரத்துக்கு டாண்ணு வந்து நிக்கறீங்க."

"சும்மாதான்."

"சும்மா வந்தாலும் நல்லதுதான். மகன் மொகத்தைப் பாத்தா ரெண்டு வாய் கூடவே எறங்குது." டிரைவரின் தாடையைத் துண்டால் ஒற்றினாள். "இல்லையா மாமா?"

டிரைவர் மகனைப் பார்த்தார். ஒரு கண் சற்று இறங்கிய அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று மெத்தைக்காரனுக்குத் தெரியவில்லை.

"தூக்க மாத்திரை எப்பக் குடுக்கற?" என்றான்.

"படுக்கறதுக்கு முன்னால. பாதி. அது இல்லேன்னா விடிய விடியக் கட்டிலைத் தட்டுவாரு. ஏன்?"

"கேட்டேன்."

அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. டிரைவர் விழுந்த இந்த இரண்டு வருஷத்தில் கணவன் மாத்திரையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று சாப்பாட்டுக்கு முட்டையில் வெங்காயம் நிறையப் போட்டு அவனுக்குப் பிடித்த மாதிரி மொறுமொறுவென்று பொரித்து வைத்தாள். அவன் பாதியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டான். தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வந்தபோது, அவன் ஜன்னல் வெளிச்சத்தில் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் வைத்துவிட்டான். காலாவதித் தேதி பார்க்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் அட்டையில் இருந்ததை எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் எண்ணினான். குறைய வேண்டிய அளவுதான் குறைந்தது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. ஒரு மத்தியானம் அவள் மிஷினை விட்டு உள்ளே போன சமயம் பார்த்து லேப்டாப் முன் உட்கார்ந்தான். பசை படிந்த ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். தூக்க மாத்திரை எத்தனை போட்டா உயிர் போகும். வந்ததை மேலே இரண்டு வரி படித்தான். கண் நிலைகொள்ளவில்லை. அப்படியே மூடிவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டும் ஒன்று என்பது அப்போது அவனுக்கு நினைவில் இல்லை.

உள்ளே டெய்லரக்கா டிரைவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே போனை எடுத்தாள். கால் வைக்கிற முக்காலிக்கு அளவு பார்க்க வேண்டியிருந்தது. தேடுகிற இடத்தில் விரலை வைத்ததும், லேப்டாப்பில் கடைசியாகத் தேடியது முதல் வரியாக வந்து நின்றது. படித்தாள். யாரோ எழுதியது போல முதலில் ஒன்றும் புரியவில்லை. மறுபடி படித்துவிட்டு டிரைவரின் காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கஞ்சி நேரத்துக்கு வந்து நின்றது, முட்டையைப் பாதியில் வைத்தது, அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சீட்டு வேலை முடியாமல் மேனேஜரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். நாலைந்து நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. இவர் தனக்கு ஏதோ செய்துகொள்ளப் பார்க்கிறார்.

கதவைத் திறந்து பார்த்தாள். அவன் பட்டறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் கூப்பிடாமல் திரும்பிப் போய் மாத்திரை அட்டையை எடுத்து, பொத்தான் வைக்கிற டப்பாவின் அடியில் போட்டு, மேலே பொத்தான்களைக் கொட்டி மூடினாள்.

சாயந்திரம் டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"என்னங்க, மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. சீட்டு லேட்டானா ஆகட்டும். மேனேஜர் தலையையா வாங்கிடப் போறாரு?"

"என் மனசுல என்ன இருக்கு? உன் மனசுல ஏதாவது இருந்தா நீ சொல்லு."

"எனக்கென்ன. நீங்க நல்லா இருந்தாச் சரி."

அவன் டீயைக் குடிக்காமல் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் சொல்ல வாயெடுத்தார்கள். அப்போது பார்த்துக் கட்டிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து போனாள்.

மறுநாள் காலை டிரைவர் கண் திறக்கவில்லை. டெய்லரக்கா தண்ணீரும் துணியுமாக வந்தவள், கூப்பிட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தட்டினாள். மூச்சு கொரகொரவென்று வந்தது. இடது கையைத் தூக்கிவிட்டால் அப்படியே விழுந்தது. உடம்பு கொதித்தது. "என்னங்க" என்று அவள் கூப்பிட்ட குரலில் மெத்தைக்காரன் கத்திரிக்கோலோடு ஓடி வந்தான்.

அப்பாவை ஒரு தரம் பார்த்தான். அடுத்து மாத்திரை வைக்கிற பலகையைப் பார்த்தான்.

"மாத்திரை எங்க?"

"இப்ப எதுக்கு மாத்திரை? ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"அட்டை எங்கன்னு கேட்டேன்."

"தீந்துபோச்சு," என்றாள். அவளுக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

முந்தின நாள் காலையில்தான் அவன் எண்ணியிருந்தான். அட்டையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயது, வேகமாகப் பேசினாள். டிரைவரை ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கண் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெத்தைக்காரன் அருகில் போனான். அவன் தங்கச்சியும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். மாதத்துக்கு ஒரு தரம் பழப்பையோடு வந்து அப்பா காலைப் பிடித்து அழுதுவிட்டுப் போகிறவள்.

"டாக்டர், தூக்க மாத்திரை அதிகமா உள்ள போயிருக்கான்னு பாருங்க," என்றான்.

"வீட்டுல யாரு மாத்திரை குடுக்கறது?"

மெத்தைக்காரன் திரும்பி மனைவியைக் கை காட்டினான்.

அவள் நனைந்த துணிகள் இருந்த பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள். அவன் விரல் தன் பக்கம் நீண்டிருப்பது ஏன் என்று சில கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது பையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"நேத்து மாத்திரையே குடுக்கல டாக்டர். அது இல்லாமலே அசந்து தூங்கிட்டாரு," என்றாள்.

"ஏன்?"

"ஒளிச்சு வெச்சிட்டேன்."

"எதுக்கும்மா ஒளிச்சு வெச்சீங்க?"

"இவரு போட்டுக்குவாரோன்னு."

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரத்தம் எடுத்துப் பாத்துடறேன். வெளிய உக்காருங்க," என்றாள்.

"அண்ணி, என்ன இதெல்லாம்?" என்றாள் தங்கச்சி. "கேக்கறதுல தப்பு இல்லையே. எங்கப்பா."

"தப்பு இல்ல. கேளு," என்றாள் டெய்லரக்கா. ஆனால் தங்கச்சி அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவோடு உள்ளே இருக்கிறேன் என்று போய்விட்டாள்.

வராந்தாவில் ரெக்ஸின் போட்ட பெஞ்சு. ஒரு ஓரம் கிழிந்து ஸ்பான்ஜ் வெளியே தெரிந்தது. மெத்தைக்காரன் அந்த ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தாள். அவன் தொழில் பழக்கத்தில் ஸ்பான்ஜை விரலால் உள்ளே தள்ளினான். அது மறுபடி வெளியே வந்தது.

"போன்ல பாத்தேன்," என்றாள் அவள். "எத்தனை போட்டா உயிர் போகும்னு. உங்களுக்காகத்தான் தேடறீங்கன்னு நெனச்சேன். என்னை நெனச்சுத் தேடியிருக்கீங்க."

"நீ தேடினதை நான் பாத்தேன்."

"எதை?"

"மாத்திரை ரெண்டாவது தடவை குடுத்தா என்ன ஆகும்னு. இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்கன்னு."

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை நாள் அவன் கதவில் வந்து நின்றது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. முட்டை பொரித்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மாத்திரை கேட்டதுக்குக் காரணம் சொல்லிடறேன். ஒரு நாள் பாதி மாத்திரை குடுத்தேன், துப்பிட்டாருன்னு நெனச்சு இன்னொரு பாதி குடுத்தேன். அப்புறம் துணியெல்லாம் ஒதறிப் பாத்தா முதல் பாதியைக் காணோம். முழுங்கித்தான் இருக்காரு. பயந்துபோய்க் கேட்டேன். அன்னைக்கு ராத்திரி பூரா அவரு மூக்குல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அதுக்குக் காரணம் இருக்கு. எத்தனை வருஷம்னு கேட்டதுக்கு ஒண்ணும் இல்ல. எப்ப முடியும்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

"அப்பா போயிடணும்னா?"

"ஆமா. போயிடணும்னுதான். துணி மாத்தும்போது தாடையில அடிச்சாரு. வாயெல்லாம் ரத்தம். மிஷின் இடிச்சிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனே, அன்னைக்கு."

மெத்தைக்காரனுக்கு அது ஞாபகம் இருந்தது. பாத்து வேலை செய்யக் கூடாதா என்று அன்று அவன் அவளைக் கடிந்துகொண்டதும் ஞாபகம் இருந்தது.

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட? உங்களுக்கு அப்பா. உங்க தங்கச்சிக்கும் அப்பா. தெருவில சொன்னா, டெய்லரக்கா மாமனார் சாவுக்குக் காத்துக்கிட்டிருக்கான்னு ஆயிடும். போன்தான் கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். மொகத்தைச் சுளிக்காது." பிறகு சொன்னாள்: "கையெல்லாம் ஈரம். வாயாலதான் சொன்னேன். மாமா கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு."

அவன் நிமிர்ந்தான். "அப்பா கேட்டாரா?"

"அவருக்குக் காது நல்லாத்தானே இருக்கு. சொன்னதுக்கப்புறந்தான் திரும்பிப் பாத்தேன். என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. அந்தக் கையை நீட்டினாரு. அடிக்கத்தான் போறாருன்னு நெனச்சேன். அடிக்கட்டும்னு அப்படியே உக்காந்திருந்தேன். போனைத் தட்டினாரு. தட்டித் தட்டி என்னைப் பாத்தாரு. என்ன போட்டிருக்குன்னு கேக்கறாரு."

"என்ன பண்ணின?"

"படிச்சுக் காட்டினேன்."

யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடந்துபோகிற வரைக்கும் இருவரும் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன போட்டிருந்துச்சு?" என்றான் அவன்.

"ஆளுக்கு ஆள் மாறும், இவ்வளவுதான்னு சொல்ல முடியாது, நல்லாக் கவனிச்சா பல வருஷம் இருப்பாங்கன்னு. அதையும் படிச்சேன். கேட்டுட்டு ஒரு மாதிரி சத்தம் போட்டாரு. அழறாருன்னு நெனச்சேன். பாத்தா சிரிக்கறாரு. பஸ் எத்தனை மணிக்கு வரும்னு கேட்டா, வரும்போது வரும்னு சொல்ற மாதிரி இருக்கேன்னு நான் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன். அப்புறம் அழுதேன். என் தலையில அந்தக் கையை வெச்சாரு. அதுக்கப்புறம் அவரு என்னை அடிச்சதில்ல."

மெத்தைக்காரன் பெஞ்சின் ஸ்பான்ஜை ஒரு துணுக்குப் பிய்த்துவிட்டிருந்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றான்.

"நான் போன்கிட்ட கேட்டேன், வேற வழியில்ல. நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் உள்ளதைச் சொல்லியிருப்பேன்."

டாக்டரம்மா வந்தாள். சிறுநீரில் கிருமி, அதனால்தான் இவ்வளவு காய்ச்சல், உடம்பில் உப்பும் குறைந்திருக்கிறது, மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஒரு வாரம் இருக்க வேண்டிவரும் என்றாள். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள். மெத்தைக்காரன் எழுந்து நின்றவன் உட்காரவில்லை.

"வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு," என்றாள் டெய்லரக்கா. "இனிமே என் கையால மாமாவுக்கு மாத்திரையோ கஞ்சியோ குடுக்க மாட்டேன். கோவத்துல சொல்லல. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்க மறுபடியும் கையைக் காட்டுவீங்க. அதை என்னால இன்னொரு தடவை தாங்க முடியாது."

சொன்னதைச் செய்தாள். டிரைவர் மெலிந்துபோய் வீடு திரும்பியதும் வேலைகள் கைமாறின. அவன் உள்ளே, அவள் வெளியே. மேனேஜரிடம் அவளே பேசினாள். மழையும் விட்டுவிட்டது, பசை காய்ந்தது, சீட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகித் தியேட்டருக்குப் போயின. லேப்டாப்பை விற்ற ஆளிடம் அதைத் தூக்கிக்கொண்டு போய், தன் கணக்கை அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

"எல்லாரும் சேத்துக் குடுன்னுதான் வருவாங்க. நீங்க பிரிச்சு விடச் சொல்றீங்களேக்கா," என்றான் அவன்.

"எங்களுக்குச் சேத்தது சரியா வரலப்பா."

மெத்தைக்காரன் உள்ளே பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆள் பலம் இருந்ததே தவிர, ஒரு உடம்பை வலிக்காமல் எப்படிப் புரட்டுவது என்று தெரியவில்லை. துணி மாற்றும்போது குமட்டிக்கொண்டு வந்தது. கஞ்சி சில நாள் சூடாக இருந்தது, சில நாள் ஆறிப் பசையாக இருந்தது. அப்பாவின் இடது கை அவன் காதோடு சேர்த்து ஒன்று வைத்தபோது, அறைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். மிஷினில் இருந்தவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் எதுவும் இடித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் டிரைவர் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு மிஷின் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பார். மெத்தைக்காரன் கெஞ்சினான், அதட்டினான். ஒரு வேளை போயிற்று. மறுவேளையும் போயிற்று. மூன்றாவது வேளைக்குக் கிண்ணத்தோடு வந்து மிஷின் பக்கத்தில் நின்றான். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வரி முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"சாப்பிட மாட்டேங்கறாரு," என்றான்.

"என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?"

"நீ குடுத்தாத்தான் சாப்பிடுவாரு."

"குடுக்கறது பெரிசில்ல. அப்புறம்?"

"அன்னைக்கு நான் கையைக் காட்டினது தப்பு," என்றான். "அந்த விரலை வெட்டிப் போட்டாலும் அது இல்லேன்னு ஆயிடாது. உன்னை நம்பணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுக் கேக்கல, நம்பித்தான் கேக்கறேன். உனக்கு எத்தனை வேலைன்னு தெரியாம அந்த ஒரு வரியை மட்டும் படிச்சிட்டேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டெய்லரக்கா நூலை அறுத்தாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து கிண்ணத்தை வாங்கினாள். கஞ்சியைக் கலக்கிப் பார்த்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய் வெந்நீர் விட்டு இளக்கிக்கொண்டு வந்தாள். அவன் வழியைவிட்டு ஒதுங்கிக் கதவருகில் நின்றான்.

"அங்க நின்னா என்ன அர்த்தம்? வந்து உக்காருங்க."

"நான் எதுக்கு? பாத்துக்கிட்டு நிக்கறேன்னு நீ மறுபடி..."

"பாக்கறதுக்கு இல்ல. கழுத்து தொங்கிப்போச்சு அவருக்கு. தலையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். இத்தனை நாளும் வேணும்தான்."

அவன் கட்டிலில் ஏறி அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். டிரைவரின் தலை அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. மருமகள் ஸ்பூனைக் கொண்டுபோனதும் அவர் வாயைத் திறந்தார். முழுங்குவது மகனின் நெஞ்சுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் அப்படியே பழகிப்போயிற்று. காலை வேலை இருவருக்கும், மத்தியானம் அவனுக்கு, சாயந்திரம் அவளுக்கு. மாத்திரையை மட்டும் கடைசி வரைக்கும் அவன்தான் கொடுத்தான். அதில் அவள் இறங்கிவரவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

கோடை தொடங்கிய சமயம் ஒரு முற்பகலில் டிரைவர் போனார். மெத்தைக்காரன் அவர் முதுகைத் துடைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்கவைத்தான். துண்டைப் பிழிந்துவிட்டுத் திரும்பியபோது மூச்சு இல்லை. முன்னால் ஒருவருக்கு சோபாத் துணி காட்டிக்கொண்டிருந்த மனைவியைப் போய்க் கூப்பிட்டான். அவள் வந்து மாமனாரின் நெற்றியில் கையை வைத்தாள். இடது கையை எடுத்து நேராக்கி, பக்கத்தில் வைத்தாள்.

தங்கச்சி வந்து அழுதாள். தெரு முழுக்க வந்தது. பஸ் ஓட்டிய காலத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் தடியூன்றிக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மெத்தைக்காரன் மெத்தையின் துண்டுகளை உருவி வெயிலில் போட்டுவிட்டு வந்து வெறும் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தான். அவள் ஜன்னலோரத்தில் நின்றாள்.

"எனக்கு நிம்மதியா இருக்குங்க," என்றாள். "அதுக்குப் பக்கத்துலயே அழுகையும் இருக்கு. எது முன்னால வருதுன்னு தெரியல. இதை வேற யாருகிட்டயும் சொல்லல."

மெத்தைக்காரன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றான். சொல்லிவிட்டு, சொல்லலாமா என்று கேட்பதுபோல் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்திருந்த சோறும் பருப்பும் மூடியிருந்தது. அவள் இரண்டு தட்டில் போட்டு எடுத்துவந்தாள். தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டிரைவர் விழுந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். இடையில் ஒருதரம் அவள் சோற்றோடு கையை நிறுத்தி, கட்டில் பக்கம் காதுகொடுத்தாள். அவனும் நிறுத்தினான். பிறகு சாப்பிட்டார்கள்.